தொட்டிலின் அடிப்பலகை

நவம்பர் 2, 1997
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்புள்ள யாக்னாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. நீ சுகமா, மாப்பிள்ளை கயெதான் கூரை வேலைக்கு ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள்கிறாரா, வயிற்றுப் பிள்ளை உன்னைத் தூங்க விடுகிறதா என்று கேட்டு எழுதுவது எப்போதும் கடிதத்தின் முதல் வரிக்காக எழுதுவது, ஆனால் இந்த வாரம் முழுவதும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. போன ஞாயிறு நீ சிக்காகோவிலிருந்து போனில் பேசியபோது, பிப்ரவரியில் பிள்ளை பிறந்ததும் படுக்க வைக்க நம் வீட்டுத் தொட்டிலை அனுப்ப முடியுமா என்று கேட்டாய். தாத்தா தன் காதை ரிசீவரோடு ஒட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார். நான் அதற்கென்ன, அனுப்பிவிடலாம் என்றேன். அந்தத் தொட்டில் எங்கிருந்து வந்த மரம் என்று உனக்குச் சொல்லவில்லை. அதன் அடிப்பலகையில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. அதை மறைத்தது நான்தான் என்றும் சொல்லவில்லை. தாத்தா பக்கத்தில் நின்றதால் சொல்லவில்லை என்று அன்று இரவு என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அவர் இல்லாதிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். உனக்குத் தெரியும், எனக்கு வாயைவிடக் கை பழக்கம். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி, நின்றுகொண்டு படிக்காதே.

முதலில் ஊர்ச் செய்தி, ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது. முட்டைக்கோஸ் நறுக்கிப் பீப்பாயில் உப்பிட்டு அமுக்கியாயிற்று, இந்த வருடம் உருளைக்கிழங்கு சின்னது, எங்கள் நூலகத்துக்குப் புதிதாக ஒரு ஹீட்டர் கொடுத்திருக்கிறார்கள், கீழே தீயணைப்பு வண்டிக்காரர்கள் அதைக் கேட்டு மாடியேறி வந்து வந்து பார்க்கிறார்கள். வதைமுகாம் அருங்காட்சியகத்துக்கு ஓத்திலியா என்று ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள், முப்பது வயதுகூட இருக்காது, சேற்றில் நடக்க ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், போர் முடிந்த பிறகு முகாமிலிருந்து எடுத்து வந்த மரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறாள். எடுத்துப் போக இல்லை, பார்த்து எழுதிக்கொள்ளத்தான் என்கிறாள், யாரும் நம்பவில்லை. எதிர்வீட்டு கெனோவெஃபா பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்கு வந்தவள், “எங்க பன்னிக் கொட்டாயைச் சுத்திச் சுத்தி போட்டோ எடுத்துட்டுப் போறாடி அவ. அன்னைலேர்ந்து எங்க பன்னிக்கு ஒரே தலைக்கனம், தவிடு வெச்சாத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது” என்றாள். இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு அவள் என் மேசைக்கு அருகே வந்து குரலைத் தாழ்த்தி, கொட்டாயின் உத்தரத்தில் ஒரு எண் இருக்கிறது, மாமனார் அதன்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டுச் செத்தார், மழை பெய்தால் அது தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர், தினம் மூன்று நடை முகாமுக்குப் பஸ் ஓட்டுகிறேன், வீட்டுக்கு வந்தால் பூட்ஸோடு அதையும் வாசலில் கழற்றி வைக்கத்தான் பார்க்கிறேன், விட்டால்தானே என்று சொல்லிவிட்டுச் சூப்பைக் குடித்தார்.

உன்னைப் பள்ளியிலிருந்து முகாமுக்கு நாலைந்து முறை அழைத்துப் போயிருப்பார்கள். கம்பிவேலி, காவல் கோபுரம், இடிந்த புகைபோக்கி, தேதிகள் எல்லாம் உனக்குத் தெரியும். கொட்டகைகள் இருந்த இடத்தில் வெறும் புல்லும் அடுப்புச் செங்கல்லும்தான் இருக்கின்றன, அந்தக் கொட்டகைகள் எங்கே போயின என்று நீ ஒருமுறை டீச்சரைக் கேட்டதாகவும், அவர் காலம் அரித்துவிட்டது என்று சொன்னதாகவும் வந்து சொன்னாய். அன்றும் நான் சும்மா இருந்தேன். நாற்பத்தொன்றாம் வருடம் ஜெர்மன்காரர்கள் நம் ஊரை ஒரே காலைப்பொழுதில் காலி செய்தார்கள், முகாமைச் சுற்றி யாரும் இருக்கக்கூடாது என்று. தாத்தாவுக்கு ஒன்பது வயது. வீடுகளை இடித்து, அந்தச் செங்கல்லில் காவல்காரர்களுக்குக் குடியிருப்பு கட்டிக்கொண்டார்கள். போர் முடிந்து திரும்பி வந்தபோது நம் வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்தது. முதல் குளிர்காலத்தை மண்ணில் குழி வெட்டி மேலே தகரம் போட்டு அதற்குள் கழித்தார்கள், தாத்தாவின் அம்மா அப்போது கர்ப்பமாக இருந்தாள். வயலுக்கு அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கான மரக் கொட்டகைகள் ஆளில்லாமல் நின்றன. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு மரம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், சீட்டோடும் எடுத்தார்கள், சீட்டில்லாமலும் எடுத்தார்கள். யாக்னா, நீ ஓடி விளையாடிய மாடிப்படி, கோழிக்கூடு, உன் உயரத்தைக் கோடு போட்டு வைத்த கதவுநிலை எல்லாம் அந்த மரம். டீச்சருக்கும் தெரியும். அவர் வீட்டு உத்தரமும் அதுதான். 

நாற்பத்தாறாம் வருடம் தாத்தாவின் தங்கை பால்பினா பிறந்தபோது உன் கொள்ளுத்தாத்தா, முகாமில் கைதிகள் படுத்த அடுக்குத் தட்டுகளின் பலகையை இழைத்து அந்தத் தொட்டிலைச் செய்தார். பிறகு அதில் உன் அப்பா படுத்தார், பிறகு நீ.

நீ பிறந்து நாலு மாதம், எழுபத்தெட்டு ஜனவரி. அப்பா ராணுவப் பயிற்சியில் இருந்தார், பாட்டி போய் ஒரு வருடம், எனக்குப் பத்தொன்பது வயது, உனக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், பனியில் பாதை மூடி டாக்டர் வர முடியவில்லை. நீ வாந்தி எடுத்து மெத்தை நனைந்தது. அதைத் தூக்கியபோதுதான் அடிப்பலகையை முதல்முறையாகப் பார்த்தேன். மற்றப் பலகைகள் வழுவழுவென்று இருந்தன, அது மட்டும் இழைக்கப்படாமல் இருந்தது, அதில் கரண்டிக் காம்பாலோ ஆணியாலோ கீறி ஐந்து பெயர்கள், ஒன்றன் பக்கத்தில் ஒன்று. ரோஸா, எடித், மாக்தா, பிரானியா, லீபா. குடும்பப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. நான் ஏற்கெனவே நிறையப் படித்தவள், அதுதான் கெடுதலாகிவிட்டது. ஒரு தட்டில் ஐந்து பெண்கள் நெருக்கிப் படுத்ததையும், ஒருத்தி திரும்ப வேண்டுமென்றால் ஐந்து பேரும் சேர்ந்துதான் திரும்ப வேண்டும் என்பதையும் ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன், அதனால் அவை பெயர்களாக எனக்குத் தெரியவில்லை, படுத்திருந்த வரிசையாகத் தெரிந்தன. நடுவில், மாக்தாவின் மேல், நான் உன்னை நாலு மாதமாகப் படுக்க வைத்திருந்தேன். உன் காய்ச்சலை அவர்கள்தான் கொடுத்தார்கள் என்று நினைத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன். ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த வெள்ளை ஆயில் பெயிண்ட் ஒரு டப்பா இருந்தது. உன்னை என் கட்டிலில் போட்டுவிட்டு அந்தப் பலகைக்கு இரண்டு பூச்சு அடித்தேன். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. இருபது வருடமாக இதை யாரிடமும், அப்பாவிடமும், பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னதில்லை.

உன் போனுக்கு மறுநாள் காலையிலேயே தாத்தா தொட்டிலைப் பரணிலிருந்து இறக்கிவிட்டார். கிராக்கோவில் பார்சல் போட்டால் கப்பலில் போய்ச் சேர ஆறு வாரம் ஆகும் என்று விசாரித்தார், கால்களை இறுக்கினார், ஆடும்போது கிரீச்சிடும் இடத்துக்கு மெழுகு தேய்த்தார். செவ்வாய்க்கிழமை நூலகத்திலிருந்து வந்தால் கொல்லைக் கொட்டகையில் தொட்டில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது, அவர் கையில் டர்பன்டைன் துணி, மண்டியிட்டு உள்ளே தலையை விட்டுத் தேய்க்கப் போகிறார். நான் நின்ற இடத்திலேயே, அதைத் தொடாதீங்க மாமா என்றேன். ஏன் என்றார். பழைய பெயிண்ட் அப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் வெளியே தலையை எடுத்து என்னைப் பார்த்தார்.

“பேரு போயிடும்னு பாக்குறியா?”

அவர் எழுந்திருக்காமலேயே, கிண்ணத்தில் இருக்கும் முட்டைகளை எண்ணுகிற குரலில், தட்டில் சுவரோரம் படுத்தவளிலிருந்து ஆரம்பிப்பதுபோல ஐந்து பெயரையும் வரிசை மாறாமல் சொன்னார். தன் அப்பா இழைப்புளி போடும்போது பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இவர்தானாம், பதினாலு வயது. நாலு பலகை இழைத்தாயிற்று, அவற்றிலும் ஏதோ கீறியிருந்தது, அதை யாரும் படித்துப் பார்க்கவில்லை. ஐந்தாவதை எடுத்தபோது அவர் அம்மா குழந்தையோடு வந்து நின்று இதையும் வழித்துவிட்டால் நாம் என்ன மனுஷர் என்று கேட்டாளாம். அப்புறம் அதை அடியில் போட்டார்கள், பெயர் தரையைப் பார்க்கக் கூடாது என்று மேல்முகமாக. நான் பெயிண்ட் அடித்த விஷயமும் அவருக்கு மறுநாளே தெரியும். அப்போதே ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன்.

“காய்ச்சக்காரப் பிள்ளையைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிற பொண்ணுகிட்ட என்னத்தம்மா கேக்க? அப்புறம் காய்ச்சல் எறங்கிடுச்சு. பெயிண்ட்டாலதான் எறங்குச்சுன்னு நீ நம்பி இருந்தா, அதை எதுக்கு நான் கெடுக்கணும்?”

இப்போது ஏன் தேய்க்க வந்தார் என்றால், பிள்ளை அவ்வளவு தூரத்தில் படுக்கப் போகிறது, அடியில் இன்னும் அவர்கள் இருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பலாம் என்றுதான். பார்த்தாயா, நான் மறைக்க நினைத்ததையும் அவர் திறக்க நினைத்ததையும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருபது வருடம் வைத்திருந்திருக்கிறோம். 

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் எங்களுக்குள் வாக்குவாதம். நான் தொட்டிலை ஓத்திலியாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்றேன், இது நம்முடைய பொருள் இல்லை என்றேன். தாத்தாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை, அன்று வந்தது. எங்கள் வீட்டுச் செங்கல் காவல்காரன் வீட்டில் இன்னும் இருக்கிறது, அதைத் திருப்பித் தர யாராவது என் வாசலுக்கு வந்தார்களா என்று கேட்டார். பிறகு கொஞ்சம் அடங்கி, அந்தத் தொட்டிலில் படுத்த மூன்று பிள்ளைகளும் பிழைத்தார்கள், அந்த ஐந்து பேரையும் கேட்டால் கண்ணாடிப் பெட்டியைக் கேட்பார்களா, நாலாவது பிள்ளையைக் கேட்பார்களா என்றார். அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ரெண்டு பேரும் எறங்குற ஸ்டாப்பைச் சொல்லுங்க, நான் நிறுத்துறேன் என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரும்.

புதன்கிழமை தாத்தாவுக்குச் சொல்லாமல் நான் ஓத்திலியாவிடம் போய்ச் சொன்னேன். தப்புதான். வியாழக்கிழமை அவள் வந்தாள். தாத்தா அவளுக்குக் காப்பி கொடுக்கச் சொல்லவில்லை, நான் கொடுத்தேன். அவள் தொட்டிலைத் தொடுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்டாள், அது அவருக்குப் பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது. டார்ச்சைப் பலகையோடு படுக்க வைத்து ஒளியைச் சாய்த்துக் காட்டினாள், பெயிண்ட்டுக்கு அடியில் அந்தக் கீறல்கள் பள்ளமும் நிழலுமாக எழுந்து வந்தன, ஐந்து பெயரும் அப்படியே. பெயிண்ட்டை எடுக்க வேண்டாம், எடுத்தால் கீறலின் ஓரம் உதிரும், அதோடு பெயிண்ட்டும் இந்தப் பலகைக்கு நடந்ததில் ஒன்றுதான் என்றாள். எனக்குக் காது சுட்டது. முகாமில் வைத்தால் கையால் தொட விடுவீர்களா என்று தாத்தா கேட்டார். இல்லை என்றாள். அப்படியென்றால் அங்கே எதற்கு, யார் இந்த ஐந்து பேரைத் தேடப்போகிறார்கள் என்றார், வாக்குவாதத்தில் ஜெயித்துவிட்ட மாதிரி.

“வாராவாரம் வர்றாங்க ஐயா. போன வசந்தத்துல ஒரு அம்மா வந்தாங்க, அவங்க சித்தியோட பேரு மட்டும் கையில. எடித். வேற ஒண்ணும் தெரியாது. எங்க லிஸ்ட்ல பன்னெண்டு எடித் இருக்காங்கன்னு சொன்னேன். உக்காந்து பன்னெண்டு பேரையும் எழுதிக்கிட்டுப் போனாங்க.”

இந்த எடித் அந்த எடித்தாக இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், இருக்காமலும் போகலாம் என்று அவளே சொன்னாள். பலகையைத் தரச் சொல்லிக் கேட்கவும் இல்லை, மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் தாத்தா கோழிகளை அடைத்துவிட்டு வந்து, அந்த அம்மா பன்னிரண்டு பேரையுமா எழுதினாள் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நேற்று சகல புனிதர் திருநாள். செவ்வந்திச் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போனோம், பாட்டிக்கு ஒரு வெள்ளை, கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு மஞ்சள். கல்லறை இல்லாதவர்களுக்காகப் பெரிய சிலுவையடியில் மெழுகுவர்த்தி வைப்போமே, அங்கே தாத்தா வழக்கம்போல ஆறு வைத்தார். ஜெர்மன்காரர்கள் முகாமுக்கு இழுத்துப்போன தன் அண்ணன் கிரட்சியானுக்கு ஒன்று என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மற்ற ஐந்து யாருக்கு என்று நான் இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை, ஏதோ தூரத்து உறவு என்று நினைத்தேன். நேற்றும் கேட்கவில்லை. காற்றில் ஒன்று அணைந்தபோது என் மெழுகுவர்த்தியிலிருந்து ஏற்றி வைத்தேன், அவர் தலையாட்டினார்.

நீ அங்கே யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால் கிராக்கோ பக்கம் என்று மட்டும் சொல்வதாகப் போன கோடையில் எழுதியிருந்தாய், ஊர்ப் பெயரைச் சொன்னால் எதிரே இருப்பவரின் முகம் மாறுகிறது, பிறகு நாம் அவர்களுக்காக வருத்தமாக முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று. நானும் கிராக்கோவில் நூலகப் பயிற்சிக்குப் போனபோது அப்படித்தான் சொன்னேன். நம் ஊர்ப் பெயரை அவர்கள் ஒரு முகாமுக்கு வைத்துவிட்டார்கள், உலகம் அதை அதற்கே கொடுத்துவிட்டது, இனி நமக்குத் திரும்பக் கிடைக்காது. வெளியூர்க்காரர்களுக்கு அது கம்பிவேலியும் புகைபோக்கியும், மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு ஒரு அடையாளம். அது சரிதான், அப்படி ஒரு அடையாளம் உலகத்துக்கு வேண்டும். ஆனால் அடையாளத்தைப் பார்த்து வருத்தப்பட்டுவிட்டு சாயங்காலப் பஸ்ஸில் போய்விடலாம். நாம் அதில் மாடியேறுகிறோம், கதவு சாத்துகிறோம், பிள்ளையை ஆட்டுகிறோம். எது பெரிய மரியாதை என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன், மறக்காமல் ஒதுக்கி வைப்பதா, தெரிந்தே கூட வைத்திருப்பதா. தெரியாமல் வைத்திருப்பது மட்டும் கூடாது, அதில் தாத்தாவும் நானும் ஒத்துப்போகிறோம். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். தொட்டில் அப்படியே உனக்கு வேண்டுமா, வேண்டாமா என்று நீயும் கயெதானும் பேசி முடிவு சொல்லுங்கள். வேண்டாம் என்று சொன்னால் நான் வருத்தப்பட மாட்டேன், தாத்தா படுவார், நான் பார்த்துக்கொள்கிறேன். பெயிண்ட் அடித்ததற்கு நீ என்னைத் திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

இரும்புச்சத்து மாத்திரையைப் பாலோடு விழுங்காதே, ஆரஞ்சுச் சாற்றோடு விழுங்கு. நீ துடைக்கப் போகும் வீடுகளில் ஏணி ஏற மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு. அடுத்த முறை போன் செய்யும்போது தாத்தா கூச்சப்பட்டுக்கொண்டு போனை வாங்க மாட்டார், நீயே அவரைக் கூப்பிட்டுக் கேள், வருவார். மாதா உன்னையும் உன் வீட்டுக்காரரையும் பிறக்கப்போகும் பிள்ளையையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும். சுகப்பிரசவமாகட்டும்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா
போக்னா

வெள்ளி, நவம்பர் 7. தபால்தலை தீர்ந்துபோயிருந்ததால் உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன், நல்லதாகப் போயிற்று. நேற்றுக் காலை தாத்தா அடிப்பலகையின் ஆணிகளைப் பிடுங்கி, பலகையைப் போர்வையில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் ஒன்பது மணிப் பஸ்ஸில் ஏறினார். யாக்னா பதில் எழுதட்டும் என்று நான் சொன்னேன். “பேரு அவளோடது இல்லம்மா, அவகிட்டக் கேக்க வேண்டியது தொட்டிலத்தான்” என்றார். அப்பா டிக்கெட் வேண்டாம் என்றதற்கு, எல்லோரும் பார்க்கிறார்கள், கிழி என்று அதட்டினாராம். நாற்பத்தைந்துக்குப் பிறகு அவர் அந்த வாசலுக்குள் போனது நேற்றுதான். பலகையை வாங்கிக்கொண்டு ஓத்திலியா படிவத்தை நிரப்பும்போது பெயிண்ட் அடித்தது யார், எப்போது என்று கேட்டிருக்கிறாள். எங்கள் வீட்டு மருமகள் போக்னா, எழுபத்தெட்டு ஜனவரி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி, அப்படியே எழுதியிருக்கிறாளா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம். வரும் வழியில் மரக்கடையில் இறங்கிப் புதிதாக ஒரு ஆஷ் மரப் பலகை வாங்கி வந்தார். அளவுக்கு அறுத்து இழைத்துவிட்டார். தொட்டில் சமையலறையில் அடி இல்லாமல் நிற்கிறது, பலகை பக்கத்தில் சாய்ந்திருக்கிறது, உன் பதில் வரட்டும் என்று ஆணி இன்னும் அடிக்கவில்லை.